களைப்புக்கு ஒரு பட்டன்

எங்கள் மருத்துவக் கல்லூரியின் ஃபிசியாலஜி (உடலியங்கியல்) துறையில் 28 வருஷம் அட்டெண்டராக இருந்த அண்ணன், ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். 2016இல். அன்றைக்கு முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் 25 பேர் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, திரையில் இருக்கும் தவளையின் கெண்டைக்கால் தசையைத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு வேலை முடிந்துவிட்டது, பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது, சும்மா இருக்க முடியாமல் 'சிங்கிள் ட்விட்ச்' (ஒற்றைத் துடிப்பு) பட்டனை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். வருகைப் பதிவேட்டை எடுக்க வந்த அண்ணன் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாத்தியளா மேடம், எத்தன மட்டம் தட்டினாலும் ஒரே துள்ளுதான் துள்ளுது. இந்தத் தவக்களைக்குக் களைப்பே வராதா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்குத் தனியா பட்டன் இருக்கு அண்ணே" என்றேன். உண்மையிலேயே இருந்தது. மெனுவில் ஐந்தாவது, 'ஃபட்டீக்'. அதை அழுத்தினால் தசை ஒழுங்கு மரியாதையாகக் களைத்துப்போகும். "ஓ, அதுக்கும் ஒரு பட்டனா" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிண்டலா வியப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அதே நினைப்புதான்.

தவளை லேபைப் பற்றிப் பெருமை பேச நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்த தொண்ணூறுகளில் வாரம் ஒரு நாள் அந்த லேப். நாஞ்சில் நாட்டு வயல்களில் மழைக்காலத்து ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிடித்த தவளைகள் சாக்கில் கட்டி வந்து இறங்கும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987லேயே அரசு தடை செய்துவிட்டது, வனவிலங்குச் சட்டம் 1972லிருந்து இருக்கிறது. ஆனாலும் இந்தச் சாக்கு எங்கிருந்து வருகிறது, யார் அனுமதித்தது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. தலைக்குப் பின்னால் நகத்தால் தடவினால் சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும், அதில் ஊசியை இறக்கி முதலில் மூளைப் பக்கம், அப்புறம் தண்டுவடத்துக்குள். முதல் நாள் என் கையில் இருந்த தவளை ஊசி இறங்கிய பிறகும் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் ஹாஸ்டலில் மீன்குழம்பு, நான் சாப்பிடவில்லை. பிறகு ஆசிரியையாக வந்து நானே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அதே ஊசியைச் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. 2014இல் மருத்துவக் கவுன்சில் விலங்குகளை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறச் சொன்னபோது எங்கள் துறையில் முதலில் சந்தோஷப்பட்டது நான்தான்.

அந்த லேபின் இன்னொரு பாதி கைமோகிராஃப். 1847இல் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் உருவாக்கிய அதே தத்துவம், சுழலும் டிரம், அதன்மேல் கரி படிந்த பளபளப்புத் தாள், தசை இழுக்க இழுக்கத் தாளைக் கீறும் ஒரு லீவர். டிரம்முக்குப் புகை போடுவது அண்ணனின் வேலை. அவர் போட்டால் கரி வெல்வெட் மாதிரி சீராக இருக்கும், நாங்கள் போட்டால் திட்டுத் திட்டாக. லேப் முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பு. கிராஃப் விழுந்ததும் தாளை மெதுவாகக் கழற்றி, வார்னிஷ் தட்டில் ஒரு முக்கு முக்கி, ஜன்னலோரக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். இடையில் போட்டிருக்கும் லேப் கோட்டின் கை பட்டால் போச்சு. நரம்பு காய்ந்தால் போச்சு, அதை ஈரமாக வைக்கும் ரிங்கர் உப்புக் கரைசலைச் சொட்டவிட மறந்திருப்போம். லீவர் முனை அழுந்தினால் கோடு தடிக்கும், விலகினால் கோடே இல்லை. உள்ளே வரும் தூண்டலுக்கும் தசை துடிப்பதற்கும் நடுவே 0.01 வினாடி, சுருங்க 0.04, தளர 0.05, ஆக மொத்தம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. புத்தகத்தில் இப்படி அழகாக இருக்கும். எங்கள் மேசையில் அது ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. நாலு மேசைக்கு ஒரு மேசையில் நல்ல கிராஃப் வரும், மற்ற மூன்று மேசைக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் ரெகார்டில் வரைவார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் உண்மை, இப்போது எல்லாம் பொம்மை என்று சில சீனியர் பேராசிரியர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். காப்பி அடிக்கக் கற்றுக்கொண்டது அந்த லேபில்தான்.

அப்படியானால் அண்ணனின் கேள்வி ஏன் என்னை உறுத்த வேண்டும்? ரொம்ப நாள் எனக்கே விளங்கவில்லை.

படமா, கணக்கா

ஓய்வு பெற்ற பிறகு அவரை ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலி பொருட்காட்சியில் பார்த்தேன். ஒட்டுப் பலாக் கன்று விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுற்றிச் சுற்றி லேபுக்கு வந்தது. "களைச்சுப் போன தசைல நேரா கம்பிய வச்சா திரும்பத் துள்ளும்லா மேடம், அது அந்தக் கம்ப்யூட்டர்ல உண்டா?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் சொன்னது அந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. நரம்பு வழியாகத் தூண்டித் தூண்டித் தசை களைத்துப்போன பிறகு, நரம்பை விட்டுவிட்டுத் தசையிலேயே நேராகத் தூண்டினால் அது மறுபடி சுருங்கும். அப்படியென்றால் களைத்தது தசை இல்லை, நரம்பும் தசையும் சேரும் சந்திப்பு. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பது வேறு, செத்துப்போனதாக நினைத்த தசை கம்பி பட்டதும் துள்ளுவதைப் பார்ப்பது வேறு. மறுநாள் லேபைத் திறந்து பார்த்தேன். திரையில் நரம்பு இருந்தது, தசை இருந்தது, கம்பியை நகர்த்தி வைக்க ஓர் இடம் இல்லை. யோசித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதற்குள் தசையே இல்லை. யாரோ ஒரு நல்ல நாளில் பதிவு செய்த கோடு இருக்கிறது, பட்டனைத் தட்டினால் அந்தக் கோடு ஓடுகிறது. நாங்கள் அதுவரை சிமுலேஷன் சிமுலேஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு ஃபோட்டோ ஆல்பம்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை. உடலியங்கியலுக்கும் கணக்குக்கும் உள்ள உறவு அதைவிட எவ்வளவோ பெரிது. நரம்பில் சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்பதற்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் சமன்பாடு எழுதினார்களே, கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து, அதை நாங்கள் எல்லா வருஷமும் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுவோம். அதில் நாங்கள் சொல்லாத கதை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த கம்ப்யூட்டர் அந்தச் சமயம் பார்த்து பெரிய மாற்றங்களுக்காக மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நரம்பின் வழியே ஓடும் ஒரே ஒரு சமிக்ஞையைக் கணக்கிட ஏறக்குறைய மூன்று வாரம். நரம்பில் அது முடிய எடுப்பது சில மில்லி வினாடி. மூன்று வாரம் பிடி சுற்றிய பிறகு தாளில் வந்த வளைவு நிஜ நரம்பில் பதிவானதோடு பொருந்தியது. அந்த இயந்திரத்துக்குள் படம் எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான். சோடியத்தை மாற்றினால் வளைவு மாறும், யாரும் முன்கூட்டி வரைந்து வைக்காத ஒரு வளைவாக.

இதே வழியில் கல்லூரிகளுக்கென்றே எழுதப்பட்டவை எழுபதுகளிலேயே வந்துவிட்டன. கனடாவின் மெக்மாஸ்டரிலும் லண்டனிலும் மேக்மேன், மேக்பஃப் என்று கணக்கு மாதிரிகள் (மாடல்கள்) செய்தார்கள், ஒன்று ரத்த ஓட்டத்துக்கு, இன்னொன்று மூச்சுக்கு. மேக்பஃப்பில் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு, ரத்தத்தில் என்ன ஆகிறது என்று எண்களைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். நாங்கள் எல்லோரும் தலையணை மாதிரி வைத்துப் படித்த பாடப்புத்தகத்தின் கைட்டன், 1972இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ரத்த ஓட்ட மாதிரியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். சர்ஜன் ஆக வேண்டிய ஆள், போலியோ வந்து கை கால் பாதிக்கப்பட்டதால் உடலியங்கியலுக்கு வந்தவர். நீண்ட நாள் ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது கடைசியில் சிறுநீரகம்தான் என்று அவர் அடித்துச் சொன்னதற்குப் பின்னால் அந்தக் கட்டங்களின் கணக்கு இருந்தது. இப்படிப்பட்ட மாதிரிக்குள் ஒரு மாணவன் நோயாளியை நூறு தடவை கொல்லலாம், நூறு தடவையும் ஏன் செத்தார் என்று தேடலாம். எந்தத் தவளையும் இதற்கு ஈடாகாது.

எங்களுக்கு வந்து சேர்ந்ததோ ஆல்பம். 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பி.ஒய். 3.18 என்று ஒரு வரி இருக்கிறது. தவளைத் தசை, தவளை இதயப் பரிசோதனைகளை மாணவர் கம்ப்யூட்டர் உதவியோடு 'அப்சர்வ்' பண்ண வேண்டும். செய்ய வேண்டும் என்று இல்லை, கவனிக்க வேண்டும். நேர்மையான வார்த்தைதான், குறை சொல்ல முடியாது. பிள்ளைகளும் கவனிக்கிறார்கள், ரெகார்டு எழுதுகிறார்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிராஃபைக் காட்டினால் பெயர் சொல்லுகிறார்கள். அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் பி.பி. பார்க்கும் லேபில் 25 பேரில் 19 பேர் புத்தகத்தில் இருக்கும் 120/80ஐ அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டு எண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கும், ஒற்றைப்படை எண்ணுக்குக் கோடே கிடையாது, அதில் 117 என்று ஒருத்தி எழுதியிருந்தாள், அது வேறு வகைப் பொய். இதற்கெல்லாம் காரணம் திரைத்தவளை என்று நான் சொல்லவில்லை, நாங்களும் அந்த வயதில் 120/80 எழுதியவர்கள்தான். ஆனால் எப்போது தட்டினாலும் ஒரே உயரத்துக்குத் துள்ளும் ஒன்றோடு பழகிய கண்ணுக்கு, தோழியின் கையில் கேட்கிற மங்கலான சத்தத்தை நம்பி 108/74 என்று எழுதத் தைரியம் எங்கிருந்து வரும்?

246

கொரோனா முடிந்து வகுப்புகள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகு நானே ஒரு எக்செல் ஷீட் செய்தேன். நான் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் இல்லை. என் தங்கை மகன் இன்ஜினியரிங் படித்தவன், கூட்டல் பெருக்கல் எப்படிப் போடுவது என்று அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தான், இடையிடையே "பெரியம்மா, ஈக்வல் போட மறந்துட்டீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான். அஞ்சு கட்டம். நிமிடத்துக்கு எத்தனை இதயத்துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை மில்லி ரத்தம், ரெண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ரத்தக்குழாய்களின் தடை, அதையும் பெருக்கினால் சராசரி ரத்த அழுத்தம். துடிப்பு 72, துடிப்புக்கு 70 மில்லி, வருவது 5.04 லிட்டர். தடைக்கு 18.5 போட்டால் அழுத்தம் 93. அழகாக வந்தது. பிள்ளைகளிடம் கொடுத்து, எண்ணை மாற்றிப் பாருங்கள் என்றேன். அவ்வளவுதான் என் திட்டம்.

பாறசாலையிலிருந்து வரும் ஒரு பெண் (எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் ஓடும், பாட்டி என்றால் அம்மூம்மா) கை தூக்கினாள். "மேடம், ஒரு டவுட்டு. எங்க அம்மூம்மாவுக்குப் போன ஓணத்துக்குத் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு மயக்கம் வந்தது. மெடிக்கல் காலேஜ்ல கொண்டு போனோம். ஹார்ட் ரேட் 190ன்னு சொன்னாங்க. பி.பி. 80தான் இருந்தது. இந்த ஷீட்ல 190 போட்டா அழுத்தம் 246 வருது." அந்தப் பக்கத்தில் மெடிக்கல் காலேஜ் என்றால் திருவனந்தபுரம்தான், அது வேறு விஷயம். நான் ஷீட்டைப் பார்த்தேன். 190 பெருக்கல் 70, 13.3 லிட்டர். பெருக்கல் 18.5. இருநூற்று நாற்பத்தாறு. கணக்கு சரி. அம்மூம்மாவும் சரி.

எனக்கு விடை தெரியும், இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதனாலோ சொல்லவில்லை. அண்ணன் வகுப்பில் எப்போதும் நிற்கும் கதவோரத்தில் போய் நின்றுகொண்டேன். வகுப்பில் சத்தம் கிளம்பியது. ஒருத்தன், ரத்தக்குழாய் விரிந்திருக்கும், தடை குறைந்திருக்கும் என்றான். குறைத்துப் பார்த்தார்கள், 80க்குக் கொண்டுவரத் தடையை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டியிருந்தது, அவ்வளவு விரிந்தால் உடம்பு சிவந்து சுடாதா என்று இன்னொருத்தி கேட்டாள். அம்மூம்மாவுக்குக் கை சில்லென்று இருந்ததாம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மேடம், இந்த 70ஐ நீங்கதானே டைப் பண்ணி வச்சிருக்கீங்க? அது எப்பவும் 70ன்னு யார் சொன்னா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பயந்தும் போனான்.

அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. இதயத்துடிப்பு 75 இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி, அதில் சுருங்கி ரத்தத்தைத் தள்ள 0.27, தளர்ந்து நிரம்ப 0.53. இருநூறு ஆனால் மொத்தமே 0.3, நிரம்புவதற்கு மிஞ்சுவது 0.14. இந்த எண்கள் அவர்கள் புத்தகத்தில் இருந்த அட்டவணைதான், எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததுதான், அந்த மத்தியானம்தான் முதல் தடவையாகத் தேடி எடுத்தார்கள். நிரம்ப நேரம் இல்லாவிட்டால் தள்ளுவதற்கு என்ன இருக்கும்? எழுபதை எடுத்துவிட்டு, நிரம்பும் நேரத்தோடு கட்டிய ஒரு முரட்டுக் கணக்கைப் போட்டார்கள். லிட்டர் ஏறி ஏறி ஓர் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியது. பெல் அடித்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை, எதிரே பயோகெமிஸ்ட்ரி சார் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அது போதாதென்று கால்பந்து ஆடும் ஒருத்தன், "அப்போ மேட்ச்ல எனக்கும்தான் 190 போகுது, நான் ஏன் விழல?" என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினான். தசைகள் ரத்தத்தை இதயத்துக்குப் பிழிந்து அனுப்புவதும், அட்ரினலின் வந்தால் இதயம் சுருங்குவதும் தளர்வதும் வேகமாவதும் அடுத்த வாரத்துக்குப் போயின. அந்தப் பாடத்துக்குப் பாடத்திட்டத்தில் ஒதுக்கியது ஒரு மணி நேரம், எங்களுக்கு மூன்றரை ஆனது. அதற்காக எனக்குத் துறைக் கூட்டத்தில் இரண்டு வார்த்தை கிடைத்தது.

அதுவும் நியாயம்தான். தேர்வில் கேட்பது கிராஃபின் பெயரை. அதற்கு ஆல்பம் போதும், வேகமும் அதிகம், 150 பிள்ளைகள் இருக்கும் வருஷத்தில் ஆளுக்கொரு அம்மூம்மா கதை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என் ஷீட் ஒன்றும் மேக்மேன் இல்லை, ஒரு நல்ல மாதிரி இந்தத் தப்பைச் செய்யவே செய்யாது. ஆனால் எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. நல்ல மாதிரியைக் கொடுத்திருந்தால் 190 என்று போட்டதும் அழுத்தம் தானாக இறங்கியிருக்கும், அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டு அடுத்த பட்டனுக்குப் போயிருப்பாள். ஷீட் முட்டாளாக இருந்ததால்தான் அவள் அம்மூம்மாவை நம்பினாள். தவளை லேபில் கரி அழிந்ததும் நரம்பு காய்ந்ததும் எங்களை இப்படி நிறுத்தியிருக்க வேண்டியது, நாங்கள்தான் பக்கத்து மேசையைப் பார்த்து வரைந்துவிட்டோம்.

அந்த எழுபதை நான் திருத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் புது வகுப்புக்குப் பழைய ஷீட்டைத்தான் கொடுக்கிறேன், ஒரு எச்சரிக்கையும் சொல்லாமல். போன வருஷம் இரண்டாவது நாளே பிடித்துவிட்டார்கள், சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். இந்த வருஷம் மூன்று வாரம் ஆகிறது, இன்னும் யாரும் வரவில்லை. நேற்று ஒரு பையன் நிமிடத்துக்கு 300 துடிப்பு என்று போட்டு, நிமிடத்துக்கு 21 லிட்டர் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டு ரெகார்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். கையெழுத்துப் போடாமல் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.